கட்டைவிரல் லீகும் கைவிட்ட லீகும்

எங்கள் ஏற்காட்டுக் கால்பந்து லீக் இனிதே முடிந்தது. 14 அணிகள். 28 நாட்கள். ஒருவரும் பந்தைத் தொடவில்லை. காயம் என்று பார்த்தால் மிளகு வியாபாரி ஒருவருக்குக் கட்டைவிரல் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளே அணிக்குத் திரும்பினார்.

செல்போனில் ஆடும் லீக் இது. நீங்கள்தான் மேனேஜர். ஆள் வாங்கலாம், விற்கலாம், யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது என்று உத்தரவு போடலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேட்ச். நீங்கள் விழித்திருந்தாலும் நடக்கும், தூங்கிப்போனாலும் நடக்கும். ஸ்வீடன்காரர்கள் 1997-இல் ‘ஹாட்ரிக்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் ஒரு சீசன் 16 வாரம். பெல்கிரேடில் மூன்று பேர் சேர்ந்து 2010-இல் ‘டாப் லெவன்’ கொண்டுவந்தார்கள். அதில் 28 நாள். எங்களுடையதும் அந்த ரகம்தான்.

நுழைவுக் கட்டணம் தலைக்கு 50 ரூபாய். மொத்தம் 700. ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு டீக்கடையில், காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தோம். உடனே போலீசுக்குப் போன் போடாதீர்கள். ஜெயித்தவனுக்குச் சல்லிக்காசு கிடையாது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது எங்களுக்கும் தெரியும். அந்தச் சட்டம் வரும்வரை அதே தொழில் செய்த ஒரு கம்பெனியின் பெயரை நெஞ்சில் எழுதிக்கொண்டுதான் இந்திய கிரிக்கெட் அணி ஆடியது என்பதும் தெரியும். ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்து யாரும் முறைக்க வேண்டாம்.

முதலிடம் ஜீப் ஓட்டும் அண்ணனுக்கு. தந்திரம் ஒன்றுமில்லை, டவர்தான் காரணம். அவர் வண்டி நிற்கும் இடத்தில் சிக்னல் முழுசாக இருக்கும். லேடீஸ் சீட்டில் டூரிஸ்ட்டுகளை இறக்கிவிடுவார். அவர்கள் செல்ஃபி எடுத்து முடிப்பதற்குள் இவர் ஒரு ஸ்ட்ரைக்கரை வாங்கி முடித்திருப்பார். கடைசி இடம் எஸ்டேட் ரைட்டருக்கு. அவர் எஸ்டேட்டில் டவர் கிடையாது. இந்த மலைக்குக் காப்பி வந்து ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்தது. சிக்னல் கொண்டுவர இன்னொரு துரை வரவேண்டும் போலிருக்கிறது. ரைட்டர் தினமும் ஒரு பாறைமேல் ஏறி நின்றுதான் டீம் மாற்றுவார். ஒருநாள் பாறைக்குக் கீழே காட்டெருமை வந்து நின்றுவிட்டது. அது போகிற வழியாக இல்லை. அன்றைக்குக் கால் முறிந்த கோல்கீப்பரே கோலில் நின்றான். 0-6.

19-ஆம் நாள் ரைட்டருக்கு ஒரு மெசேஜ் வந்தது. நிர்வாகக் குழுவுக்கு உங்கள்மேல் நம்பிக்கை போய்விட்டது, பொறுப்பிலிருந்து விடுவிக்கிறோம். மனிதருக்கு முகமே செத்துவிட்டது. “முப்பத்தோரு வருஷ சர்வீஸுங்க. ஒரு மெமோ வாங்கினதில்ல. கடைசியில போன் என்னை டிஸ்மிஸ் பண்ணுது பாருங்க.” டீ வாங்கிக் கொடுத்துத் தேற்றினோம். மிச்ச நாளுக்கு அவர் அணியைக் கம்ப்யூட்டரே நடத்தியது.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தோற்றால் வேலை போகும். இந்த விதி ஒரு செல்போன் பொம்மைக்குத் தெரிந்திருக்கிறது.

என் அணி பதினோராம் இடம். அதைப் பற்றி இங்கே இனிப் பேச்சில்லை. தான் தோற்றதைத் தானே மதிப்பிட்டுத் தனக்கே நற்சான்றிதழ் எழுதிக்கொள்ள நான் என்ன அகில இந்திய கால்பந்து சம்மேளனமா?

சம்மேளனம் என்றதும் அசல் லீக் ஞாபகம் வருகிறது. 2010 டிசம்பரில் ஐ.எம்.ஜி - ரிலையன்ஸோடு சம்மேளனம் ஓர் ஒப்பந்தம் போட்டது. 15 வருடம். 700 கோடி ரூபாய். எங்கள் பாட்டிலில் இருந்ததும் 700தான், கோடி மட்டும் குறைச்சல். அந்த ஒப்பந்தத்தின் பேரில்தான் 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. நடிகர்கள் வந்தார்கள். கிரிக்கெட்காரர்கள் வந்தார்கள். வாணவேடிக்கை வந்தது. ஒப்பந்தம் முடியும் நாள் 2025 டிசம்பர் 8. இதில் ரகசியம் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்ட அன்றைக்கே தெரிந்த தேதி. பதினைந்து தீபாவளி வந்து போயிற்று. ஒருவரும் காலண்டரைப் புரட்டவில்லை.

எங்கள் ஆட்டத்தில் ஒரு வீரரின் ஒப்பந்தம் முடியப்போகிறது என்றால் அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு விழும். டீக்கடைப் பையன் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன். அவனுக்கு அந்தப் பொட்டின் அர்த்தம் புரிகிறது. சம்மேளனத்தில் தலைவர் உண்டு, துணைத் தலைவர் உண்டு, பொருளாளர் உண்டு, செயற்குழு உண்டு, எதற்கெடுத்தாலும் ஒரு கமிட்டி உண்டு. பொட்டைப் பார்க்க மட்டும் ஆளில்லை. 2025 ஜூலை 11 அன்று, புது ஒப்பந்தம் கைக்கு வராததால் சீசனை நிறுத்தி வைக்கிறோம் என்று லீகை அப்போது நடத்திய நிறுவனம் அறிவித்தது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்தியது. இரண்டு முறை கோப்பை தூக்கிய நம் சென்னையின் எஃப்சி, அணியின் வேலைகளையே நிறுத்தி வைத்தது. வீரர்கள் வீட்டுக் கடனுக்குக் கட்டும் ஈஎம்ஐ மட்டும் நிற்கவில்லை. அது யாருக்காகவும் தள்ளிப்போகிற சீசன் இல்லை.

அதன் பிறகு நடந்ததை ஸ்கோர்கார்டாகவே தருகிறேன். அக்டோபர் 14, கோவா: இந்திய அணி சிங்கப்பூரிடம் 1-2, ஆசியக் கோப்பை வாய்ப்பு காலி. நவம்பர் 7, டெண்டர்: லீகின் வர்த்தக உரிமையைக் கேட்டு வந்தவர்கள் 0. நவம்பர் 18, டாக்கா: வங்கதேசத்திடம் 0-1, அவர்களிடம் 22 வருடத்தில் முதல் தோல்வி. மூன்றில் எது பெரிய அவமானம் என்று கேட்டால் நடுவில் இருப்பதைத்தான் சொல்வேன். மற்ற இரண்டுக்கும் எதிரணியாவது வந்திருந்தது.

எங்கள் ஏலத்தில் 36 வயதுத் தடுப்பாட்டக்காரன் ஒருவன் வந்தான். முழங்கால் போன கேஸ். அவனைக்கூட இரண்டு பேர் போட்டி போட்டுக் கேட்டார்கள்.

டாக்காவில் தோற்ற அதே நவம்பர் 18-இல் கரீபியக் கடலில் குராசோ என்ற குட்டித் தீவு 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. மக்கள்தொகை ஒன்றரை லட்சம் சொச்சம். சேலம் மாநகராட்சியில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. நமக்கு ஃபிஃபா தரவரிசையில் 142-ஆவது இடம் கிடைத்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோலை 1960-இல் ரோமில், பெரு நாட்டுக்கு எதிராக அடித்தவர் நம் தமிழ்நாட்டு சைமன் சுந்தரராஜ். அறுபத்தைந்து வருடமாக அந்த ‘கடைசி’ என்ற பட்டத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை.

இந்திய அணிக்குப் பயிற்சியாளர் தேடிய படலத்தை விட்டுவிட முடியாது. 2025 ஜூலையில் 170 விண்ணப்பங்கள் வந்தன. அதில் ஒன்று ஸ்பெயினின் ஜாவி. பார்சிலோனா ஜாவி. உலகக் கோப்பை வென்ற ஜாவி. விண்ணப்பம் ஈமெயிலில் வந்தது உண்மைதான் என்று சம்மேளனத்துக்காரரே பத்திரிகையிடம் சொன்னார். அவரை வைத்துக்கொள்ள நமக்கு வசதி போதாது என்பதால் பரிசீலிக்கவில்லையாம். பெண் பார்க்கவே போகாமல், பெண் உயரம் போதாது என்று திரும்பி வந்த கதை. இரண்டு நாளில் அறிக்கை வந்தது. ஜாவி பெயரிலும் பெப் குவார்டியோலா பெயரிலும் வந்த விண்ணப்பங்கள் போலியாம். ஜாவி பெயரில் அனுப்பியது நான்தான், ஏஐ எழுதிக் கொடுத்தது என்று வேலூரில் படிக்கும் 19 வயது மாணவர் ஒருவர் சொன்னதாகச் செய்தி.

இதில் மாணவர்மேல் எனக்குக் கோபமில்லை. பத்தொன்பது வயதில் வேறு என்ன செய்வது? குவார்டியோலா அப்போது மான்செஸ்டர் சிட்டியில் வேலையில் இருந்தவர். அந்த வேலையை உதறிவிட்டு இந்தியாவுக்கு பயோடேட்டா தட்டி அனுப்புவாரா என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லையே, அங்கேதான் எரிகிறது. எங்கள் லீகில் சேர அந்த மிளகு வியாபாரிக்கே ஓடிபி வந்துதான் உள்ளே விட்டார்கள்.

சரி, அதற்கு முந்தைய பயிற்சியாளர்கள் அறிவியல் வழியில் போனார்களா என்றால், ஜோதிடம் அறிவியல்தான் என்று நம்புகிறவர்களுக்கு ஆமாம். 2022-இல் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று நடந்தபோது, இகோர் ஸ்டிமாக் வீரர்களின் பட்டியலை ஜோதிடருக்கு அனுப்பி, இன்றைக்கு யாருக்கு நாள் நன்றாக இருக்கிறது என்று கேட்டு அணியைத் தேர்ந்தெடுத்ததை அடுத்த வருடம் இந்தியன் எக்ஸ்பிரஸ் வெளியிட்டது. ஜோதிடருக்குச் சம்மேளனம் அளந்தது 12 லட்சத்துக்குக் குறையாது. எங்கள் டீக்கடையில் மளிகைக்கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்குகிறது. யாருக்குச் சந்திராஷ்டமம் என்று தினமும் இலவசமாகவே போட்டிருக்கிறது. 12 லட்சத்தை மிச்சப்படுத்தி அதை ஒன்று வாங்கி மாட்டியிருக்கலாம். மாட்டியிருந்தால் டிசம்பர் 8-உம் கண்ணில் பட்டிருக்கும்.

அந்தப் பயிற்சியாளரை 2024-இல் நீக்கினார்கள். நீக்கிய விதம் ஒப்பந்தப்படி இல்லை என்று வழக்கு வர, 4 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் ஆனார்கள். வேலை செய்ததற்குச் சம்பளம், வேலையை விட்டு அனுப்பியதற்கு மூன்றேகால் கோடிக்கு மேல். எங்கள் ரைட்டருக்கு மெசேஜோடு சரி.

இரண்டாம் நிலை லீகான ஐ-லீகில் 2024-25 சாம்பியன் யார் தெரியுமா? ஏப்ரலில் சர்ச்சில் பிரதர்ஸ். கோப்பையும் கொடுத்தாயிற்று. ஜூலையில் இன்டர் காசி. சுவிட்சர்லாந்தில் இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றம் தீர்ப்புச் சொல்லி மாற்றியது. கூட்டல் கழித்தலுக்கு நாம் லோசான் நகரம் வரை போகிறோம். இதே ஐ-லீகை 2019 மார்ச்சில் ஜெயித்தது கோவையில் ஆடிய சென்னை சிட்டி. நேரு ஸ்டேடியம் அன்று ஆடிய ஆட்டம்! சுவிஸ் அணியான பாசல் வந்து 26 சதவீதப் பங்கு வாங்கியது. இரண்டு வருடம் கழித்து அந்தப் பெயரே பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் யாராவது ஒரு நாள் கடையடைத்தார்களா? ஒரு நடிகர் படம் தள்ளிப்போனால் நடக்கிற ரகளையில் நூறில் ஒரு பங்கு? நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

ஒப்பந்தம் செத்த ஐந்தாம் நாள், டிசம்பர் 13-இல், கொல்கத்தாவுக்கு மெஸ்ஸி வந்தார். ஆட வரவில்லை, தரிசனம் தர வந்தார். அவருக்கு 70 அடிச் சிலை. சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கிய ஜனங்களுக்குத் தெரிந்தது அரசியல்வாதிகளின் முதுகுகள். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் அவர் கிளம்பிவிட்டார். நாற்காலிகள் பறந்தன. சொந்த லீக் நடக்காத நாட்டில் அடுத்த நாட்டுக்காரர் கையசைக்க மைதானம் தயார். கடைசியில் வீரர்களே வீடியோவில் தோன்றி, காப்பாற்றுங்கள் என்று ஃபிஃபாவிடம் கேட்டார்கள். ஜனவரியில் விளையாட்டு அமைச்சர் பிப்ரவரி 14 என்று நாள் குறித்தார். 14 அணிகள், ஒரே ஒரு சுற்று, 91 ஆட்டம். அரை சீசன். எங்கள் பொம்மை லீகிலும் 14 அணிதான். நாங்கள் இரண்டு சுற்று ஆடினோம்.

இந்தக் கோபத்தை நான் எங்கிருந்து எடுத்து வருகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாகலூர் போகும் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே காப்பி உலர்த்தும் சிமென்ட் களம் ஒன்று இருக்கிறது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிக்கொட்டை காயும். மார்ச்சில் களம் பிள்ளைகள் கைக்கு வரும். சில்வர் ஓக் கம்பு நட்டு கோல் போஸ்ட். களத்துக்கு ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். டாஸ் ஜெயித்தவன் மேட்டுப் பக்கம்தான் கேட்பான். பந்து பள்ளத்தில் விழுந்தால், உதைத்தவனே இறங்கி எடுத்து வரவேண்டும் என்பது சட்டம். மிளகுக் கொடிக்கு நடுவே இறங்கி ஏற பத்து நிமிடம். அதனாலேயே அந்தப் பிள்ளைகள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கடைசி நொடியில் பந்தைத் தட்டித்தான் விடுவார்கள், ஓங்கி உதைக்க மாட்டார்கள். அப்படி ஒரு பந்துக் கட்டுப்பாட்டை எந்த அகாடமியும் சொல்லித் தராது. சிமென்ட்டில் விழுந்தால் முட்டியில் தோல் இருக்காது. பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி இடதுபக்கம் வெறுங்காலோடு ஓடுகிறாள். பையன்கள் அவளை மறிக்கப் போவதில்லை, ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆண்கள் லீக் முடங்கிய அதே 2025 ஜூலையில்தான் இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை 2-1 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அவளிடம் சொன்னேன். “டிவியில காட்டினாங்களாண்ணா?” என்றாள். பேச்சை மாற்றினேன்.

பெரிய பள்ளிகளின் காம்பவுண்டுக்கு உள்ளே புல்தரை உண்டு. வெளியிலிருந்து அதைப் பார்க்கலாம், இலவசம். இந்த மலைக்குப் பெரிய மனிதர்கள் வராமலும் இல்லை. 2013 டிசம்பரில் ஏற்காடு தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தபோது ஏறக்குறைய அமைச்சரவையே இந்தத் தொகுதிக்குள் தங்கி வாக்குக் கேட்டது. வருடா வருடம் மே மாதம் கோடை விழாவுக்கும் வருகிறார்கள். மலர்க்காட்சி, நாய்க் கண்காட்சி, படகுப் போட்டி. நாய்க்குக்கூட அன்றைக்குப் பரிசும் கைத்தட்டலும் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற கார்கள் ஏரியோடு நின்றுவிடும். களம் அதற்கு அப்பால் இருக்கிறது.

எங்கள் அடுத்த சீசன் திங்கட்கிழமை ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்குகிறது. ரைட்டருக்குப் புது அணி கொடுத்தாயிற்று. பாறை பழையதுதான்.

அந்த 700 ரூபாய்க் கணக்கு டீக்கடைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. களத்துப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் நம்பர் பந்து ஒன்று, 540. காற்றடிக்கும் பம்ப், 120. ஊசி, 25. மீதி 15. அதற்கு ஒரு டீ. குடித்தது யார் என்றும் எழுதியிருக்கிறது. குடித்தவன் நான்தான். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.